மூளையில் ஓட்டைகள்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் அறிவியல் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். இதுவரை எழுதியதில்லை. இப்போது எழுதக் காரணம் என் தம்பி. அவனுக்கு 24 வயது. கல்லூரியின் இறுதியாண்டில், தேர்வுக்கு விழித்திருப்பதற்காக நண்பன் கொடுத்த மாத்திரையில் தொடங்கி, மெத்தம்பெட்டமைனைப் புகைக்கும் நிலைக்குப் போய், இரண்டு ஆண்டுகள் அதிலேயே கிடந்தான். சிகிச்சை எடுத்து நான்கு மாதங்களாக விட்டிருக்கிறான். ஆனால் எதிலும் ஆர்வம் இல்லை. பிடித்த பாட்டைக் கேட்பதில்லை, பிடித்த சாப்பாட்டைச் சமைத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் உண்பதில்லை. அப்பா அதைச் சோம்பல் என்கிறார். உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். இத்தகைய போதைக்கு அடிமையானவரின் மூளை என்று, அங்கங்கே ஓட்டை விழுந்திருந்தது. தம்பியும் அதைப் பார்த்துவிட்டான். "எல்லாம் போய்விட்டது, இனி எதற்கு முயற்சி?" என்கிறான்.

இன்னொன்றும் உண்டு. என் பத்து வயது மகனுக்குக் கவனக் குறைபாடு இருப்பதால் மருத்துவர் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை கொடுத்துவருகிறார். "அதுவும் இதே வகைதான், உன் பிள்ளைக்கு நீயே கொடுக்கிறாய்" என்று தம்பி சொன்னபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது அவன் ஆசை முற்றிலும் அடங்கிவிட்டது என்று சொல்லித் தன் பழைய கைபேசியைத் திருப்பிக் கேட்கிறான். அம்மா கொடுத்துவிடலாம் என்கிறார். அந்த மூளை திரும்புமா, திரும்பாதா? தயவுசெய்து விளக்குங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் ஏற்பட்டிருக்கும் கலக்கத்தில் பாதி அதனால் வந்தது. இவ்வாறு சுற்றிவரும் படங்கள் பெரும்பாலும் ஸ்பெக்ட் என்னும் ஸ்கேன் முறையில் எடுக்கப்பட்டவை. அந்த முறை மூளையின் சதையைப் படம்பிடிப்பதில்லை. எந்தப் பகுதியில் இரத்த ஓட்டம் எவ்வளவு இருக்கிறது என்பதை அளந்து, கணினி மூலம் ஒரு வடிவமாக வரைந்து காட்டுகிறது. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இரத்த ஓட்டம் குறைந்த இடத்தைக் கணினி வரையாமல் விட்டுவிடும்படி அமைத்தால், பார்ப்பவர் கண்ணுக்கு அங்கே ஒரு குழி தெரியும். அந்த இடத்தில் நரம்பணுக்கள் இருக்கின்றன, அவற்றின் வேலை அப்போது மந்தமாக இருக்கிறது என்பதற்கு மேல் அந்தக் குழிக்குப் பொருள் இல்லை. பயமுறுத்தி ஒருவரைத் திருத்தலாம் என்னும் நல்லெண்ணத்தில் இத்தகைய படங்களைப் பரப்புகிறார்கள். ஆனால் ஏற்கெனவே விட்டுவிட்டு மீண்டுவர முயலும் ஒருவரிடம் அவை என்ன செய்கின்றன என்பதை உங்கள் தம்பியின் சொற்களே காட்டுகின்றன. அவரிடம் அந்தப் படத்தின் உண்மைப் பொருளை இன்றே சொல்லுங்கள்.

அதனால் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆகியிருக்கிறது. ஆனால் ஆகியிருப்பதில் பெரும்பகுதி, அந்த மூளை ஒரு பாடத்தை அளவுக்கு மீறி ஆழமாகக் கற்றுக்கொண்டுவிட்டது என்பதுதான். 1990களின் இறுதியில் டெரி ராபின்சன், பிரையன் கோல்ப் என்னும் இரு ஆய்வாளர்கள், எலிகளுக்குத் தொடர்ந்து, மெத்தம்பெட்டமைனுக்கு நெருங்கிய உறவான ஆம்பெட்டமைனைக் கொடுத்து, பின் அதை நிறுத்தி ஒரு மாதத்திற்கு மேல் ஆன பிறகு அவற்றின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எதை நாட வேண்டும் என்பதில் பங்குள்ள நியூக்ளியஸ் அக்யூம்பென்ஸ் என்னும் பகுதியின் நரம்பணுக் கிளைகளில், பிற நரம்பணுக்களோடு தொடர்புகொள்ளும் நுண்முட்கள் குறையவில்லை, கூடியிருந்தன. போதைப்பொருள் அங்கே புதிய இணைப்புகளைக் கட்டியிருந்தது. அதே ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, என்னைப் பொறுத்தவரை, இதைவிடக் கவலைக்குரியது. பொம்மைகளும் பாதைகளும் துணையும் நிறைந்த பெரிய கூண்டில் வளரும் எலியின் மூளையில் அந்த அனுபவத்தால் இணைப்புகள் பெருகும். ஆம்பெட்டமைனோ கோகெய்னோ முன்னரே பெற்ற எலிகளை அத்தகைய கூண்டில் விட்டபோது, அந்தப் பெருக்கம் வழக்கம்போல நிகழவில்லை. ஒரு பாடம் அத்தனை இடத்தையும் பிடித்துக்கொண்டதால் மற்ற அனுபவங்களால் அங்கே எளிதில் எழுத முடியவில்லை.

இது எப்படி நிகழ்கிறது என்பதைப் புரிந்துகொள்ள நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமைன் என்னும் வேதிப்பொருளைப் பற்றிப் பரவலாக இருக்கும் ஒரு தவறான எண்ணத்தைக் கைவிட வேண்டும். 1954-ல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்னும் இருவர், எலியின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தி, ஒரு நெம்புகோலை அழுத்தினால் அந்த இடத்தில் மின்தூண்டல் கிடைக்கும்படி செய்தார்கள். எலிகள் மணிக்கு நூற்றுக்கணக்கான முறை அந்த நெம்புகோலை அழுத்தின. பின்னர் வந்த சோதனைகளில் அந்த எண்ணிக்கை ஆயிரங்களைத் தொட்டது. அதைப் பார்த்தவர்கள், மூளையின் இன்ப மையத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எண்ணினார்கள். அந்தத் தூண்டலில் டோபமைனுக்குப் பங்கு உண்டு என்று தெரிந்தபோது, டோபமைன் இன்பம் தரும் வேதிப்பொருள் என்னும் எண்ணம் நிலைத்துவிட்டது. இன்றும் பத்திரிகைகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் எலிகளின் மூளையிலிருந்து டோபமைனை ஏறக்குறைய முழுவதுமாக நீக்கிப் பார்த்தபோது, அவை உணவைத் தேடிச் செல்வதை நிறுத்தின, தாமாக உண்ணாமல் பட்டினி கிடந்தன. ஆனால் இனிப்பை நாக்கில் விட்டால் உதட்டை நக்கிச் சுவைக்கும் முகபாவம் அப்படியே இருந்தது. சுவை குறையவில்லை, அதை நாடும் உந்துதல்தான் அற்றுப்போயிருந்தது. விரும்பித் துய்ப்பது வேறு, வேண்டும் என்று நாடுவது வேறு என்னும் பிரிவினை இங்கிருந்து வந்தது. போதைக்கு அடிமையான ஒருவர், "இப்போது அதில் ஒரு சுகமும் இல்லை, ஆனால் எடுக்காமல் இருக்க முடியவில்லை" என்று சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அந்த இரண்டும் மூளையில் பெருமளவு தனித்தனியான ஏற்பாடுகள்.

டோபமைன் கற்பிப்பதற்கும் உதவுகிறது. குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களை ஆராய்ந்த வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை சுறுசுறுப்பாகத் துடிப்பதையும், விளக்கு எரிந்த பின் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின் சாற்றுக்குத் துடிக்காமல் விளக்குக்கே துடிப்பதையும், விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் வழக்கமான துடிப்பும் தணிவதையும் கண்டார். கிடைத்தது எதிர்பார்த்ததைவிட நல்லதா, அதே அளவா, மோசமா என்பதே அந்த நரம்பணுக்கள் அனுப்பும் செய்தி. அந்தச் செய்தியை வைத்து மூளை எதை நாட வேண்டும், எந்த அடையாளத்தைக் கவனிக்க வேண்டும் என்ற தன் மதிப்பீட்டைத் திருத்திக்கொள்கிறது. உணவோ நட்போ பாராட்டோ பழகப் பழக எதிர்பார்த்த அளவுக்கு இறங்கிவிடும், செய்தியும் அமைதியாகிவிடும். மெத்தம்பெட்டமைனுக்கு அந்த இறக்கம் கிடையாது. அது வெளியிலிருந்து வந்து டோபமைனை வேதியியல் முறையில் நேரடியாக ஏற்றிவிடுவதால், எத்தனையாவது முறையாக எடுத்தாலும், உள்ளபடி கிடைத்த அனுபவம் எவ்வளவு அற்பமாக இருந்தாலும், "எதிர்பார்த்ததைவிட மேல்" என்னும் செய்தி வந்துகொண்டே இருக்கும். மாணவன் எதை எழுதினாலும் நூற்றுக்கு நூற்றைம்பது மதிப்பெண் போடும் ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள்; அந்த ஒரு பாடத்தைத் தவிர வேறு எதையும் அவன் படிக்கப்போவதில்லை. இந்த விளக்கம் ஒரு கோட்பாடு; எல்லா நுணுக்கங்களிலும் ஆய்வாளர்கள் ஒத்துப்போய்விடவில்லை. ஆனாலும் நீங்கள் வீட்டில் காண்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் ஒன்றை நான் படிக்கவில்லை.

அளவையும் சொல்ல வேண்டும். எலிகளின் நியூக்ளியஸ் அக்யூம்பென்ஸில் செய்த அளவீடுகளில், உணவு டோபமைனை அடிப்படை அளவிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கியது. ஆம்பெட்டமைன் பத்து மடங்கு வரை உயர்த்தியது. கோகெய்னும் மெத்தம்பெட்டமைனும் இதை வெவ்வேறு வழிகளில் செய்கின்றன. ஒரு நரம்பணு வெளியிட்ட டோபமைனை, வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வதற்கு அதன் நுனியில் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. கோகெய்ன் அந்த வாயிலை அடைத்துவிடுகிறது. வெளியே வந்த டோபமைன் வெளியிலேயே தங்குகிறது. மெத்தம்பெட்டமைன் அதே வாயில் வழியாக உள்ளே நுழைந்து, டோபமைனைச் சேமித்துவைத்திருக்கும் நுண்பைகளிலிருந்து அதை வெளியேற்றி, பிறகு கடத்தியையே எதிர்த்திசையில் இயங்கவைத்து, இருப்பையெல்லாம் வெளியே கொட்டச் செய்கிறது. இரத்தத்தில் கோகெய்னின் பாதி சுமார் ஒரு மணி நேரத்தில் கழிந்துவிடும். மெத்தம்பெட்டமைனின் பாதி கழியப் பத்து மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். மேலும், நுண்பையின் பாதுகாப்பிலிருந்து வெளியே வந்து நரம்பணுவின் உடலுக்குள் சிந்திய டோபமைன் எளிதில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து நச்சாக மாறுவதால், அந்த நரம்பணுவின் நுனிகளே சிதைவடைகின்றன. கற்றல் என்று நான் இதுவரை பேசியதற்கு அப்பால், மெத்தம்பெட்டமைனில் இந்த நேரடிச் சேதமும் உண்டு. உடல் வெப்பம் மிகுந்திருக்கும்போது இது இன்னும் மோசமாகிறது.

மூளையின் இரத்தக்குழாய்களுக்கு நேரும் ஆபத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தம்பி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். இந்த வகைப் பொருட்கள் எல்லாமே இரத்தக்குழாய்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றுவதால், இளம் வயதினருக்குக்கூடப் பக்கவாதமும் மூளையில் இரத்தக்கசிவும் வரலாம். வலிப்பும் வரலாம். கோகெய்னோடு மது சேர்ந்தால் கல்லீரலில் கோகஎத்திலீன் என்னும் வேறொரு பொருள் உருவாகிறது. அது கோகெய்னைவிட நீண்ட நேரம் உடலில் நிற்கும். ஓபியம் வகைப் போதையில் மூச்சு நின்றவரை மீட்க நலாக்சோன் இருக்கிறது. கோகெய்ன், மெத்தம்பெட்டமைன் போன்ற ஊக்கி வகைக்கு அப்படி ஒரு முறிவு மருந்து இல்லை.

இனி உங்கள் மகனின் மாத்திரை. தம்பி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் உங்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. மெத்தில்ஃபெனிடேட்டும் அதே டோபமைன் கடத்தியைத்தான் அடைக்கிறது. மருத்துவர் தரும் வழக்கமான அளவிலேயே அந்தக் கடத்திகளில் பாதிக்கு மேல் அடைபடுகின்றன என்பதை நோரா வோல்கோ என்னும் ஆய்வாளரின் குழு, மூளையின் வேதிச் செயல்பாட்டை அளக்கும் பெட் ஸ்கேன் மூலம் காட்டியிருக்கிறது. பிறகு ஏன் அந்தப் பிள்ளை போதையில் மிதக்கவில்லை? வேகம்தான் காரணம். வாய்வழியே விழுங்கும் மாத்திரை மூளையில் உச்சத்தை அடைய ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகிறது. டோபமைன் மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. புகைத்தாலோ ஊசி வழியே ஏற்றினாலோ சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. டோபமைன் நரம்பணுக்கள் இயல்பாகவே திடீர்த் துடிப்புகளால் செய்தி அனுப்புபவை. ஆகையால் திடீர் ஏற்றத்தைத்தான் மூளை "இதைக் கற்றுக்கொள்" என்று படித்துக்கொள்கிறது, மெதுவான ஏற்றத்தை அவ்வாறு படிப்பதில்லை. இதே மெத்தில்ஃபெனிடேட்டை ஒருவர் பொடித்து மூக்கில் இழுத்தாலோ கரைத்து ஊசியில் ஏற்றினாலோ அதுவும் போதைப்பொருளாகிவிடும். ஆகவே பொருளின் பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்க முடியாது; எவ்வளவு, எந்த வழியாக, எவ்வளவு வேகமாக, யாருக்கு என்பவை சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. 1937-ல் சார்லஸ் பிராட்லி என்னும் மருத்துவர், நடத்தைச் சிக்கல்களுக்காகச் சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்குப் பென்செட்ரின் என்னும் ஆம்பெட்டமைன் மாத்திரையைக் கொடுத்து அவர்கள் அமைதியாகப் படிப்பதைப் பதிவு செய்ததிலிருந்து இந்தச் சிகிச்சைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. தம்பியின் பேச்சைக் கேட்டு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதே சமயம், அந்த மாத்திரைகளைத் தம்பியின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். இதைச் சொல்லத் தயங்கினேன். ஆனால் சொல்லாமல் விடுவது சரியாகாது.

தேர்வுக்கு விழித்திருக்க என்று தொடங்கிய மாத்திரையைப் பற்றியும் ஒரு வரி. 1893-ல் நாகாய் நாகயோஷி என்னும் ஜப்பானிய வேதியியலாளர் உருவாக்கிய மெத்தம்பெட்டமைன், 1938-ல் ஜெர்மனியில் பெர்விட்டின் என்னும் பெயரில் கடைச் சரக்காயிற்று. பிறகு இரண்டாம் உலகப்போரில் பல தரப்புகளும் தூக்கத்தை விரட்டப் படைவீரர்களுக்கு இத்தகைய மாத்திரைகளைக் கொடுத்தன. போருக்குப் பின் ஜப்பானில் அதன் பழக்கம் பெரும் தொல்லையாகி, 1951-ல் அதற்கென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. விழிப்பைத் தரும் என்பது உண்மை. ஆனால் கவனக் குறைபாடு இல்லாதவர்களிடம் செய்த சோதனைகளில், தங்கள் செயல்திறன் கூடியதாக அவர்கள் நம்பிய அளவுக்கு அது உண்மையில் கூடவில்லை. நன்றாக எழுதினோம் என்னும் நிறைவை மாத்திரையே தந்துவிடுகிறது.

நான்கு மாதங்களாக எதிலும் ஆர்வம் இல்லை என்பது உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்திய செய்தி. அதைச் சோம்பல் என்று அழைப்பது நியாயமாகாது. டோபமைன் வெள்ளம் திரும்பத் திரும்ப வரும்போது, அதைப் பெறும் நரம்பணுக்கள் தம் பரப்பிலுள்ள டி2 என்னும் ஏற்பிகளை, அதாவது டோபமைனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களை, குறைத்துக்கொள்கின்றன. கோகெய்ன் பழக்கம் உள்ளவர்களை 1990களின் தொடக்கத்தில் பெட் ஸ்கேனில் பார்த்த வோல்கோ, அந்தக் குறைவு விட்டுவிட்ட மூன்று நான்கு மாதங்களுக்குப் பிறகும் நீடிப்பதைக் கண்டார். மெத்தம்பெட்டமைன் பயன்படுத்தியவர்களிடமும் டி2 குறைவு காணப்பட்டது. அந்தக் குறைவு மிகுந்தவர்களிடம், முன்நெற்றிக்குப் பின்னாலிருக்கும் மூளைப் பகுதியின் இயக்கமும் குறைந்திருந்தது. வேண்டாம் என்று நிறுத்துவதும் பின்விளைவை எடைபோடுவதும் அந்தப் பகுதியின் வேலைகள். அப்பகுதி முதிர்ச்சியடைய இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும். உங்கள் தம்பி அதைத் தொடங்கிய வயதில் அது இன்னும் முழுமையடைந்திருக்காது. ஆகவே பாட்டும் சாப்பாடும் நண்பர்களும் தரும் சிறிய டோபமைன் ஏற்றம், குறைந்துபோன ஏற்பிகளில் பட்டு, ஒன்றுமே நிகழாததுபோல் கடந்துவிடுகிறது. விட்ட முதல் நாட்களில் அளவற்ற தூக்கமும் பசியும் இருக்கும். அவை அடங்கியபின் வரும் இந்த வெறுமை வாரக்கணக்கிலும் சிலருக்கு மாதக்கணக்கிலும் நீளும். இது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம், அப்போது அதற்குத் தனிச் சிகிச்சை வேண்டும். "இனி எதற்கு முயற்சி" என்று அவர் சொன்னதை அவருடைய மருத்துவரிடம் அதே சொற்களில் சொல்லுங்கள். வாழ்வதைப் பற்றி அதற்கு மேல் ஏதேனும் சொன்னால் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

கைபேசியைப் பற்றி நீங்கள் கேட்டது சாதாரணக் கேள்வி போலத் தோன்றினாலும், மூளை ஆய்வு மிகத் தெளிவாகப் பேசும் இடம் அதுதான். ஆசை அடங்கிவிட்டது என்று உங்கள் தம்பி சொல்வது நேர்மையாகவே இருக்கலாம். 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், கோகெய்னுக்குப் பழகிய எலிகளை அதிலிருந்து பிரித்துவைத்து, வெவ்வேறு இடைவெளிகளில் பழைய அடையாளங்களைக் காட்டிச் சோதித்தார்கள்; நாள் செல்லச் செல்ல, அறுபது நாட்கள் வரை, அவற்றின் தேடல் கூடிக்கொண்டே போயிற்று. மனிதர்களிடமும் இதற்கு நிகரான ஒன்று காணப்பட்டிருக்கிறது. கோகெய்னை விட்டவர்களுக்கு அதன் தொடர்பான படங்களைக் காட்டி மூளையின் மின்னலைகளை அளந்தபோது, விட்ட நாளிலிருந்து அவர்கள் வாயால் சொன்ன ஆசை சீராகக் குறைந்துவந்தது. மூளையின் எதிர்வினையோ முதல் மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரையிலான காலத்தில்தான் உச்சமாக இருந்தது, ஓராண்டின் முடிவில் தணிந்தது. தான் உணர்வதும் தன் மூளை செய்வதும் வேறுவேறாக இருக்கும் அந்தக் காலத்தின் நடுவில்தான் அவர் இப்போது இருக்கிறார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அன்னா ரோஸ் சில்ட்ரெஸ், கோகெய்ன் தொடர்பான படங்களை வெறும் 33 மில்லி நொடிகள் காட்டினார். பார்த்தவர்களுக்கு எதையும் பார்த்தோம் என்றே தெரியாத அளவுக்குக் குறுகிய நேரம். அப்போதும் அவர்கள் மூளையின் ஆசைப் பகுதிகள் எழுந்தன. பழைய எண்களும் உரையாடல்களும் புகைப்படங்களும் நிறைந்த கைபேசி அத்தகைய அடையாளங்களின் கிடங்கு. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் தம்பியிடம் மறைத்துச் செய்யாதீர்கள். புதிய எண்ணோடு வேறொரு கைபேசி கொடுக்கலாம், அது நம்பிக்கையின்மை இல்லை, அவர் மூளை இப்போது இருக்கும் நிலைக்கு ஏற்ற ஏற்பாடு என்று சொன்னால் புரிந்துகொள்ளும் வயதுதான்.

மீண்டும் மூளை திரும்புமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஓரளவு திரும்புகிறது என்பதற்குச் சான்று உண்டு. மெத்தம்பெட்டமைன் பயன்படுத்தியவர்களிடம் டோபமைன் கடத்திகள் சுமார் நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்ததை வோல்கோவின் குழு 2001-ல் வெளியிட்டது. அவர்களில் சிலரை, விட்டு 12 முதல் 17 மாதங்கள் கழித்து மீண்டும் பார்த்தபோது, அந்தக் கடத்திகள் குறிப்பிடத்தக்க அளவு திரும்பியிருந்தன. ஆனால் அவர்கள் ஐந்தே பேர். மேலும், கைவேகத்தையும் நினைவாற்றலையும் அளக்கும் தேர்வுகளில் அதே அளவு முன்னேற்றம் காணப்படவில்லை. ஆகவே முழுமையாகத் திரும்பிவிடும் என்று நான் உறுதி கூற மாட்டேன். ஆனால் நான்கு மாதத்தில் பார்த்துவிட்டு இவ்வளவுதான் என்று முடிவுகட்ட இந்த ஆய்வில் இடமே இல்லை. கடுமையாகப் பயன்படுத்தியவர்களுக்குப் பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதையும் நான் மறைக்கவில்லை. இந்தப் போதையின்போது சிலருக்கு வரும் சந்தேகமும் காதில் குரல்களும் பெரும்பாலானோரிடம் விட்ட சில நாட்களிலோ வாரங்களிலோ மறைந்துவிடும். ஆனால் ஒருமுறை அவை வந்தவருக்கு, மீண்டும் எடுத்தால் முன்னைவிட எளிதாக வரும். உங்கள் தம்பிக்கு அது நேர்ந்திருந்தால் அவர் அதை அறிந்திருப்பது நல்லது.

இதோடு சேர்த்து இரண்டு ஆய்வுகளைச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் நான் திரும்பத் திரும்ப வாசிப்பவை அவை. 2012-ல் கேம்பிரிட்ஜின் கேரன் எர்ஷ, ஊக்கி வகைக்கு அடிமையானவர்களையும் அவர்களோடு பிறந்த, அந்தப் பழக்கமே இல்லாத சகோதர சகோதரிகளையும் ஒப்பிட்டார். தன்னைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகளில் இருந்த சில மாறுபாடுகள் இருவரிடமும் காணப்பட்டன. போதையால் வந்தது என்று நாம் காட்டும் மாறுபாடுகளில் சில, போதைக்கு முன்பே இருந்தவை, குடும்பத்தில் பொதுவானவை. அந்த மாறுபாட்டோடேயே ஒருவர் அடிமையாகாமலும் வாழ்ந்திருக்கிறார் என்பதையும் அதே ஆய்வு காட்டுகிறது. உங்கள் தம்பியைப் பலவீனன் என்று அழைப்பவர்களும், அவர் மூளை அழிந்துவிட்டது என்று அழுபவர்களும் இந்த ஒரு ஆய்வைப் படித்தால் போதும்.

மற்றது மைக்கேல் நேடரின் குழு 2002-ல் வெளியிட்டது. தனித்தனிக் கூண்டுகளில் இருந்த குரங்குகளின் டி2 ஏற்பிகளை அளந்தபோது அவற்றிடையே பெரிய வேறுபாடு இல்லை. பிறகு அவற்றைக் குழுக்களாகச் சேர்த்து வைத்தார்கள். குழுவில் தலைமை நிலைக்கு வந்த குரங்குகளின் டி2 அளவு கூடியது. கீழ்நிலையில் மிரட்டப்பட்டுக் கிடந்தவற்றில் கூடவில்லை. அதன்பின் கோகெய்னைத் தாமே எடுத்துக்கொள்ளும் வாய்ப்பைக் கொடுத்தபோது, கீழ்நிலைக் குரங்குகள் அதை நாடின, தலைமைக் குரங்குகள் பெரும்பாலும் நாடவில்லை. ஏற்பிகளின் எண்ணிக்கை, ஒரு விலங்கு எத்தகைய வாழ்வை வாழ்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. மனிதக் குடும்பத்தைக் குரங்குக் கூட்டத்தோடு அப்படியே பொருத்திவிடக் கூடாது என்பது தெரியும். இருந்தும், ஒவ்வொரு நாளும் சோம்பேறி என்று கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவனின் மூளை எந்தத் திசையில் போகும் என்ற கேள்வி இந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எழுகிறது.

ஊக்கி வகை அடிமைத்தனத்திற்கென்று ஒப்புதல் பெற்ற மருந்து இன்றுவரை எதுவும் இல்லை. இருப்பவற்றுள் மிகுந்த பலன் காட்டியிருக்கும் முறை, கேட்டால் அப்பாவுக்குச் சிரிப்பு வரக்கூடும்: சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் இல்லை என்று வந்தால் உடனே ஒரு சிறு பரிசு. 1990களின் தொடக்கத்தில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் கோகெய்ன் பழக்கம் உள்ளவர்களிடம் பொருள் வாங்கிக்கொள்ளும் பரிசுச் சீட்டுகள் கொடுத்து இதைத் தொடங்கினார்; தொடர்ந்து சுத்தமாக வரும்போது பரிசின் மதிப்பு ஏறும், தவறினால் தொடக்க மதிப்புக்கு இறங்கும். லஞ்சம் கொடுத்துத் திருத்துவதா என்று இதை எதிர்த்தவர்கள் உண்டு. ஆனால் மேலே சொன்னதையெல்லாம் வைத்துப் பார்த்தால் இதில் வியப்பு இல்லை. தொலைவில் இருக்கும் வேலை, திருமணம், நல்ல பெயர் ஆகியவற்றால் அசையாத ஒரு கற்றல் அமைப்பிடம், சிறியதாயினும் உடனடியாகவும் உறுதியாகவும் வரும் ஒன்றைக் கொடுத்துப் பேசுகிறார்கள். அருகில் இத்தகைய சிகிச்சை கிடைக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உடற்பயிற்சியையும் கேளுங்கள், மெத்தம்பெட்டமைனை விட்டவர்கள் சிலரிடம் எட்டு வாரப் பயிற்சிக்குப் பிறகு டி2 வகை ஏற்பிகள் கூடியதை ஒரு சிறிய ஆய்வு காட்டியிருக்கிறது. தூக்கம் ஒரே நேரத்தில் அமையட்டும்.

அப்பாவிடம் நீங்கள் பேசும்போது, தம்பிக்குப் பெரிய இலக்குகளை இப்போது வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அன்றைய மாலைக்குள் முடியும் ஒரு வேலையை அவரோடு சேர்ந்து அப்பா செய்யட்டும்; முடிந்ததும் அதைக் கவனித்ததாக ஒரு வார்த்தை சொல்லட்டும். தம்பி முகத்தில் அதற்கு எந்த மாற்றமும் முதலில் தெரியாது, பல வாரங்கள் தெரியாமலே போகலாம். அதை நன்றிகெட்டதனம் என்று எண்ணி அவர் நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதினேன். இடையில் ஒருமுறை தம்பி மீண்டும் எடுத்துவிட்டால், அதை வீட்டுக்குள் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிச் சிகிச்சையைத் தொடருங்கள். நெஞ்சுவலி, கடும் தலைவலி, வலிப்பு, உடல் கொதிப்பு இவற்றில் ஏதேனும் கண்டால் மட்டும் நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள், என்ன எடுத்தார் என்பதை அங்கே ஒளிக்காதீர்கள்.